வெள்ளிக்கிழமை முறை

எதையாவது போடு மன்சூர், காலும் நெஞ்சும் ஒரே கோழியோடதுதானே. கேட்டுட்டு ரெண்டையும் வச்சிட்டுப் போறான். நல்ல பையன். நல்ல பையன்னா எங்க டிபார்ட்மெண்ட்ல என்ன அர்த்தம்னா, விசாரணையில கேட்டா, அன்னைக்கு நான் லீவு சார்னு சொல்லத் தெரிஞ்சவன். லீவு இல்ல. அடுத்த ரூம்ல பீரோவுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தான், அவன் செருப்ப நான் பாத்தேன். இப்ப சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டுப் பிரியாணி பரிமாறுதான். செமினார் ஹால்ல பெஞ்சையெல்லாம் சேத்துப் போட்டு வெள்ளைக் காகிதம் விரிச்சிருக்கு, ஜன்னல்ல பஞ்சு ஒட்டியிருக்காங்க. பனியாம். வெளிய வெயில் மண்டையப் பொளக்குது. பஞ்சு எனக்குத் தெரியும். இருபத்திரெண்டு வருஷமா பஞ்சு மில்லுல ஃபிட்டர், மூக்குக்குள்ள போனத மட்டும் சேத்து வச்சிருந்தா ஒரு தலைகாணி தேறும். அத அழகுன்னு சொல்லி ஜன்னல்ல ஒட்டுற ஆளுங்கள இங்க வந்துதான் பாத்தேன். எம்.ஏ. முடிச்சு, எம்.பில். முடிச்சு, அதுக்கும் மேல ஆராய்ச்சி பண்ணுத பன்னெண்டு பேரு தொப்பியும் தலையுமா எலும்பு கடிக்காங்க. பதிமூணாவது நான். பதினாலாவது ஆளு ஜன்னலோரம் இருக்கு. டில்டா. முழுப்பேரு கிறிஸ்டில்டா. இந்தக் கூட்டத்துல ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற வீட்டுப் பிள்ளை அது ஒண்ணுதான். பண்டிகை அவளுது, தொப்பி இவங்களுது. அவளுக்கு இந்தப் பக்கம் ரெண்டு நாற்காலி காலி, அந்தப் பக்கம் ரெண்டு நாற்காலி காலி. இடம் பத்தாம ஒருத்தன் நின்னுக்கிட்டே திங்கான், ஆனா அங்க போய் உக்கார மாட்டான். போன வாரம் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்டுன்னு சீட்டு குலுக்கினாங்க, யாருக்கு யாரு பேரு வருதோ அவங்களுக்கு ரகசியமா ஒரு பரிசு குடுக்கணும். எண்ணிப் பாத்தா பதிமூணு சீட்டுதான் இருக்கு. என்னல இதுன்னு கோமதிநாயகத்துக்கிட்ட கேட்டேன். "விட்டுப் போச்சு அண்ணாச்சி." விட்டுப் போறதுக்குன்னே ஒரு பேரு இருக்கு பாத்தியா.

இன்னைக்குத்தான் கடைசி வேலை நாளு. நாளைல இருந்து லீவு. அதனால கமிட்டியும் இன்னைக்கே உக்காந்திருக்கு, நேர் மேல, ரெண்டாவது மாடியில. லீவுக்கு முன்னாடி விஷயத்த முடிச்சிரணுமாம், பிரிட்ஜுல மிஞ்சினதக் காலி பண்ணுத மாதிரி. ராஜரத்தினம் சார் மேல டில்டா குடுத்த புகாரு. சாருக்குக் கீழ ஆராய்ச்சி பண்ணுதவங்கள்ல மூணு பேரக் கூப்பிட்டு விசாரிக்காங்க. மன்சூர் போயிட்டு வந்து கரண்டிய எடுத்துட்டான். கோமதிநாயகம் போயிருக்கான். அடுத்தது நான். அட்டெண்டர் இசக்கி வந்து கூப்பிடுவாரு. அதுவரைக்கும் தின்னுக்கிட்டிருக்கணும். தின்னுக்கிட்டிருக்கிறவன யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. பிரியாணி நல்லாத்தான் இருக்கு, அதுதான் எரிச்சல். மன்சூரோட மாமா மேலப்பாளையத்துலருந்து தேக்சாவோட கொண்டு வந்து இறக்கியிருக்காரு. இந்த மாதிரிக் கூட்டத்துக்கு அரிசி கொஞ்சம் வேகாம இருந்திருந்தா ஒரு நியாயமா இருந்திருக்கும்.

என்ன புகாருன்னு வெளியாளுக்கிட்ட சொன்னா சிரிப்பான். டிபன் கேரியர். சார் ரெண்டரை மணிக்குச் சாப்பிடுவாரு, நாலு அடுக்குக் கேரியர், வீட்லருந்து வரும். சாப்பிட்டு முடிச்சதும் அத யாரு கழுவுறதுன்னு ஒரு முறை இருக்கு. எனக்கு முன்னால படிச்சவன் கழுவியிருக்கான், அவனுக்கு முன்னால படிச்சவன் இப்ப ஒரு காலேஜ்ல பிரின்சிபால், அவனும் கழுவியிருக்கான். யாரும் ஆர்டர் போடல. திங்கக்கிழமை கோமதிநாயகம், செவ்வாய் மன்சூர், புதன் புதுசா சேந்த ஒரு பிள்ளை, வியாழன் நான், வெள்ளி டில்டா. காலையில ஆறு மணி ஷிப்ட்டு முடிச்சு, ரெண்டு மணிக்கு மில்லுலருந்து சைக்கிள மிதிச்சு இங்க வந்து, வியாழக்கிழமை ரெண்டே முக்காலுக்கு நான் ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளன், சாம்பார் வாளியத் தேய்ப்பேன். மில்லுல இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு சூப்பர்வைசர் டம்ளர நான் கழுவுனதில்ல. ஒருத்தன் ஒரு தடவை என் டீய எடுத்துட்டு வாலேன்னான், கால் மணி நேரம் பதினாறு மிஷின் நின்னுச்சு, அப்புறம் அவனே போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வந்தான். அவங்க எல்லாம் எட்டாப்பு, ஒம்பதாப்பு. அதுல பாதிப் பேருக்குக் கையெழுத்து வராது. கேரியர் கழுவக் கத்துக்கணும்னா பல்கலைக்கழகத்துக்கு வந்தாத்தான் முடியுது. ராப்பள்ளிக்கூடத்துல பத்தாப்பு எழுதி, சாயங்காலக் காலேஜ்ல பி.ஏ. முடிச்சு, கண்ணு எரிய எரிய எம்.ஏ. எழுதி, இவ்வளவு படியும் ஏறி வந்தா மேல ஒரு தொட்டியும் பீர்க்கங்கா நாரும் இருக்கு. டில்டா ஜூலை மாசம் மாட்டேன்னு சொல்லிட்டா. கத்தல, அழல. "நான் படிக்கத்தான் சார் வந்தேன்." அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கேரியர் அப்படியே மேஜை மேல இருக்கு, ஈ மொய்க்கி. எல்லாரும் அத ஒரு வெடிகுண்டு மாதிரி பாக்காங்க. நான் எடுத்துட்டுப் போய்க் கழுவிட்டேன்.

அந்த இடத்துலதான் சிக்குது. திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வருது, உடைஞ்ச பல்லுக்கு நாக்கு போற மாதிரி. ஏன் எடுத்தேன். பாவம் பிள்ளை, அதுக்கு ஒரு பிரச்சினையும் வந்துரக் கூடாதுன்னு எடுத்தேன். இதத்தான் வீட்லயும் சொன்னேன். என் பொண்டாட்டி வேலம்மா சோறு போட்டுக்கிட்டே, "இங்க ஒரு தட்ட எடுத்து வைக்க மாட்டீங்க, ஊராவூட்டுப் பிள்ளைக்கு எரக்கம் பாக்கப் போயிருக்கீங்களாக்கும்"னா. அதுக்கு அடுத்த வெள்ளியும் கழுவுனேன், அதுக்கடுத்த வெள்ளியும். ரெண்டு நாள் கழுவுறவன் மூணு நாள் கழுவுனா என்ன. கோமதிநாயகத்துக்குத் திங்கக்கிழமையானா ஏதாவது ஒரு ஃபோன் வரும். மன்சூருக்குத் தொழுகை. புதன்கிழமைப் பிள்ளைக்குக் கையில அலர்ஜி. ஆகஸ்டு முடியுறதுக்குள்ள அஞ்சு நாளும் நான்தான். நாரு கூட என் கைக்குப் பழகிருச்சு. சார் பாப்பாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. திங்கக்கிழமை நான் கழுவும்போது கோமதி எங்கன்னு கேக்கல. செவ்வாய்க்கிழமை மன்சூர் எங்கன்னு கேக்கல. அக்டோபர்ல ஒரு வெள்ளிக்கிழமை என் முதுகுக்குப் பின்னால வந்து நின்னு கேட்டாரு. "இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா? அந்தப் பிள்ளை எங்க?" அப்ப அஞ்சு நாள்ல ஒரு நாளத்தான் மனுசன் எண்ணிக்கிட்டே இருந்திருக்காரு. மூணு மாசமா.

இந்தா வாரான் கோமதிநாயகம். மாடியில இருந்து இறங்கி வாரவன் முகத்தப் பாரு, கல்யாணத்துல கையெழுத்து போட்டுட்டு வாரவன் மாதிரி. கழட்டி வச்ச தொப்பிய மறுபடி மாட்டுதான். எனக்குப் பக்கத்துல வந்து உக்காந்து என் தட்டுலயே கைய விட்டு ஒரு முட்டைய எடுக்கான்.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. மூணு பேரு உக்காந்திருக்காவ. அதுல அந்தம்மா பாதித் தூக்கம். ஒரே கேள்விதான்."

"என்ன கேள்வி?"

"கேரியர் கழுவுறதுக்கு இப்படி முறை வச்சிருக்கீங்களான்னாவ. அப்படில்லாம் ஒண்ணும் கிடையாதுன்னேன்."

"கிடையாதா?"

"இப்ப கிடையாதுல்லா? நீங்கதான கழுவுதீங்க. அதத்தான் சொன்னேன். எங்க அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு, சார் மேல உள்ள பிரியத்துல அவரா கழுவுதாருன்னேன். எழுதிக்கிட்டாவ." முட்டைய வாயில போட்டுக்கிட்டான். "பொய் ஒண்ணும் சொல்லலயே?"

"இல்லல. மஞ்சக்கருவ மட்டும் விட்டுட்டு எடுத்த மாதிரி சொல்லியிருக்க."

சிரிக்கான். இவன்கிட்ட என்ன சொன்னாலும் சிரிப்பான், அது ஒரு வித்தை. பொய் சொல்லல, அதுதான் அதுல உள்ள அழகு. நான் கழுவிக் கழுவி அந்த முறையவே கழுவி விட்டுட்டேன். அந்தப் பிள்ளை மாட்டேன்னு சொன்னதுக்கு ஒரு தடயம் இல்ல. அவ சொன்ன அன்னைக்கே கேரியர் ஈ மொய்ச்சு நாறியிருந்தா, ஒரு வாரம் அப்படியே கிடந்திருந்தா, ஊரே பாத்திருக்கும். சார் என்ன செஞ்சாலும் அதுக்காகத்தான் செய்தாருன்னு நாய்க்குக் கூடத் தெரிஞ்சிருக்கும். நான் நல்லவனா இருந்து கெடுத்துட்டேன். மில்லுல இப்படி ஒருத்தன் இருந்தான், எல்லாரும் வேலைய நிறுத்துன அன்னைக்கு, பாவம் முதலாளிக்கு நட்டம் ஆயிரும்னு தனியா ஒரு மிஷின ஓட்டிக்கிட்டிருந்தான். அவன நாங்க என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டோம்கிறது இப்ப வேண்டாம், சாப்பிடுத நேரம்.

அக்டோபர்ல அந்த வெள்ளிக்கிழமை சார் அவளக் கூப்பிட்டு விட்டாரு. வந்தா, கையில அவ மூணாவது அத்தியாயம், சாருக்கிட்ட காட்டத்தான் கொண்டு வந்தா. அறுபது பக்கம் இருக்கும், ஓரத்துல எல்லாம் அவளே பென்சில்ல திருத்தம் எழுதி வச்சிருந்தா. சார் சிரிச்ச முகமாத்தான் கேட்டாரு. "உங்க அம்மா கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவுறவதான? வீட்ல எல்லாரும் செய்யுத வேலைதான? உனக்கு மட்டும் என்ன புதுசா கை கூசுது?" அடுத்த ரூம்ல பீரோவுக்குப் பின்னால மன்சூர் செருப்பு அசைஞ்சுச்சு. அவரு கைய நீட்டுனாரு, அவ அத்தியாயத்தக் குடுத்தா. ஆசிரியரு கைய நீட்டுனா குடுக்கத்தான செய்யணும். வாங்கி ஒரு பக்கம் புரட்டிப் பாத்தாரு. அப்புறம் தொட்டிக்குள்ள போட்டாரு. நான் சோப்புத் தண்ணியோட நிக்கேன், என் கைக்கும் கேரியருக்கும் நடுவுல அந்தக் காகிதம் வந்து விழுது. பைப்பத் திறந்து விட்டாரு. "பாத்திரம் கழுவ மாட்ட, இதக் கழுவு." பென்சில் தண்ணில போகாது, அது ஒரு ஆச்சரியம். அச்சடிச்ச மை நீலமா ஊறி ஓடுது, பென்சில் எழுத்து அப்படியே நிக்கி. நான் அதப் பாத்துக்கிட்டு நின்னேன். அதத்தான் பாத்தேன். சார் போன பிறகுதான் பைப்ப மூடுனேன். முன்னால ஏன் மூடல. என் கை பைப்புக்கு ஒரு சாண் தூரத்துல இருந்துச்சு. ஒரு சாண். மூடக் கூடாதுன்னு யாரும் என் கையப் பிடிக்கல. அப்புறம் ரெண்டு பேருமா ஃபேனுக்குக் கீழ நாற்காலி நாற்காலியா காகிதத்தப் பரப்புனோம். நான், கவலப்படாதம்மா, காஞ்சிரும்னேன். காஞ்சிரும். எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அதுதான். அவ என்னப் பாத்து, "அண்ணாச்சி, நீங்க ஜூலைல கேரியர எடுக்காம இருந்திருக்கலாம்"னா. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா மறந்திருப்பேன்.

என்ன சொல்லப் போறேன் மேல போய். உள்ளதச் சொன்னா ஜனவரி போச்சு. என் ஆராய்ச்சிச் சுருக்கம் சார் மேஜையில இருக்கு, அவரு கையெழுத்து போட்டாத்தான் அது வெளிய போகும், எட்டு வருஷம் வெளிய போகும். பஞ்சாலைத் தொழிலாளியும் ஓய்வு நேரமும்னு தலைப்பு. ஓய்வப் பத்தி எழுத எட்டு வருஷம் தூங்காம இருந்திருக்கேன். எங்க தெருவுல இப்பவே டாக்டர்னுதான் கூப்புடுதாங்க, போன மாசம் எதுத்த வீட்டு ஆளு வயித்துப்போக்குன்னு மாத்திரை கேட்டு வந்து நிக்காரு. நான் பொருளாதார டாக்டருய்யான்னா, சரி அதுக்கு ஏத்த மாதிரி ஏதாவது சின்ன மாத்திரையாக் குடுங்கன்னாரு. இப்ப அந்தப் பேரு வராமப் போனா அவருக்கு என்ன, எனக்குத்தான். நாப்பத்திநாலு வயசு. இன்னொரு சாரத் தேடி, இன்னொரு எட்டு வருஷம், இன்னொரு கேரியர். இல்ல, பாதி சொல்லலாம். பாதி சொல்லுதது எப்பவுமே நல்லாத்தான் இருக்கும். முறை இருந்துச்சு சார், அந்தப் பிள்ளைக்கு உடம்பு முடியல, உதவியா நான் கழுவுனேன், காகிதம் கை தவறித் தொட்டில விழுந்துச்சு. எல்லாரும் நல்லவங்க. சார் நல்லவரு, அவ நல்லவ, நான் ரொம்ப நல்லவன். கமிட்டில அந்தம்மா தூக்கம் கலையாம எழுதிக்கிடுவாவ. அவளுக்கு என்ன ஆகும். பொய்ப் புகாருன்னு முடிச்சிருவாங்க. பொய்ப் புகார் குடுத்த பிள்ளையோட பதிவ ரத்து பண்ணுததுக்கு ஒரு விதி இருக்காம், கோமதிநாயகம் முந்தாநாளே பக்க நம்பரோட சொன்னான். அவ இங்க படிச்ச மூணு வருஷம் போச்சு. மண்டபத்துல அவ அம்மா தேய்ச்ச அண்டா எத்தன இருக்கும் மூணு வருஷத்துல. அவ திரும்பி அங்கதான் போவா, இந்த வட்டம் சரியா வந்து முடியும், அதப் பாத்து இவங்க, பாத்தியா சார் சொன்னது சரிதான்னு சொல்லுவாங்க.

கைதட்டுதாங்க. சார் கேக்க வெட்டிட்டாரு. இங்க ஒரு வழக்கம், வருஷா வருஷம் சாரே ஒவ்வொருத்தர்கிட்டயா வந்து ஒரு துண்டு கேக்க வாயில ஊட்டி விடுவாரு. ஃபோட்டோ எடுப்பாங்க. ஆராய்ச்சி பண்ணுததுக எல்லாம் கழுத்த நீட்டிக்கிட்டு வரிசையா, குருவிக்கூட்டுல குஞ்சு மாதிரி, ஒரு குஞ்சுக்கு முப்பது வயசு, ஒண்ணுக்கு வழுக்கை. புதன்கிழமைப் பிள்ளைக்குக் கண்ணு கலங்குது. கோமதிநாயகம் சார் விரலையும் சேத்துக் கடிச்சிருப்பான் போல, ரெண்டு பேரும் சிரிக்காங்க. ஜன்னல் பக்கம் வந்ததும் சார் அவளையும் அந்தக் காலி நாற்காலி நாலையும் சேத்து ஒரே எட்டுல தாண்டிட்டாரு. இந்த வயசுக்கு நல்ல எட்டு. என் முன்னால நிக்காரு. செண்ட் வாசனையும் கிராம்பு வாசனையும்.

"பேச்சிமுத்து, வாயத் தெறய்யா."

தெறந்தேன். தெறக்காம இருக்க முடியுமா, வாய்க்கு ஒரு பழக்கம் இருக்குல்லா.

"ஜனவரி ரெண்டாந்தேதி உன் சுருக்கத்தப் பாத்துருவோம். டாக்டர் பேச்சிமுத்து. என்ன?" தோள்ல தட்டுனாரு. "மேல கூப்புடுவாங்க. பெரியவங்க உக்காந்திருக்காங்க. மரியாதையா பேசிட்டு வந்துரு."

சரி சார்னு சொல்லணும், வாய் நிறைய கேக்கு. அண்ணத்துல ஒட்டிக்கிட்டு உள்ளயும் போகல வெளியயும் வரல. தலைய ஆட்டுனேன். ஆட்டுனது எதுக்குன்னு எனக்கே தெரியல, அவருக்குத் தெரிஞ்சிருச்சு, சிரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. ஃபோட்டோவுல நான் எப்படி இருப்பேன். கன்னம் உப்பி, கண்ணு வெளிய தள்ளி, நாப்பத்திநாலு வயசுக் குஞ்சு. இவ்வளவு நேரமா இவங்களப் பாத்துப் பாத்து ஒவ்வொருத்தனா மனசுக்குள்ள துப்பிக்கிட்டிருந்தேனே. இவங்கள விட நான் எதுல கூட. இவங்க தொப்பி போட்டிருக்காங்க, எனக்குத் தலை பெருசு, சேரல. அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணி குடிச்சு முழுங்கும்போது பக்கத்துல யாரோ நிக்க மாதிரி இருக்கு. டில்டா. அவ தட்டுல வச்சது ஜன்னலோரம் அப்படியே இருக்கு, ஒரு வாய் கூடத் திங்கல போல. கோமதிநாயகம் டக்குன்னு எந்திரிச்சுப் பாயசத்தப் பாக்கப் போயிட்டான்.

"அண்ணாச்சி, என்ன சொல்லப் போறீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

"உக்காரும்மா."

"இல்ல. ஒண்ணே ஒண்ணு. எனக்கு உதவி செய்ததாச் சொல்லாதீங்க. பாவம்னு கழுவுனேன்னு சொல்லாதீங்க. அப்படிச் சொன்னா, இப்படி ஒரு நல்ல மனுசன் இருக்கும்போது இந்தப் பிள்ளைக்கு என்ன குறைன்னு முடிச்சிருவாங்க."

"பின்ன என்னன்னு சொல்ல?"

"நான் மாட்டேன்னு சொன்னேன். அதுக்குப் பிறகு நீங்க எடுத்தீங்க. ஏன் எடுத்தீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

போயிட்டா. அவ இடத்துல போய் உக்காந்துட்டா, முதுகு நேரா. ஏன் எடுத்தேன்னு எனக்குத்தான் தெரியுமாம். தெரியும். ஜூலையிலேயே தெரியும். இரக்கமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்தக் கேரியர் அங்க இருந்தா சார் கோவப்படுவாரு, கோவப்பட்டா எல்லார் மேலயும் படுவாரு, எல்லார் மேலயும்னா என் மேலயும். பயம். பச்சப் பயம். அதுக்கு மேல இரக்கம்னு ஒரு வெள்ளைக் காகிதத்த விரிச்சு வச்சேன். அதத்தான் மேல போய்ச் சொல்லணும், உள்ளதச் சொல்லணும்னா. அய்யா, நான் பயந்து கழுவுனேன், அவ பயப்படல, அதனால அவள இப்படிச் செஞ்சாரு, நான் ஒரு சாண் தூரத்துல நின்னுக்கிட்டு பைப்ப மூடல. நாப்பத்திநாலு வயசுல, யூனியன் கூட்டத்துல மைக் பிடிச்சுப் பேசுனவன், மூணு பேரு முன்னால உக்காந்து பயந்தேன்னு சொல்லணும். டாக்டர் பட்டம் போறது கூடப் பரவால்ல போல இருக்கு. நல்லவன்கிற பட்டம் போகணும். அதத்தான் மனுசன் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கான். இவ்வளவு நேரமா எனக்கு நெஞ்ச அடைச்சது ஜனவரி ரெண்டாந்தேதின்னு நெனச்சேன். அது இல்ல.

வாசல்ல இசக்கி. கையில ஒரு நோட்டு, காதுல பேனா. ஹால முழுக்க ஒரு சுத்து பாத்துட்டுச் சத்தமாக் கேக்காரு, அவருக்கு எல்லாமே சத்தமாத்தான் வரும்.

"பேச்சிமுத்து அண்ணாச்சி எங்க? மேல கூப்புடுதாவ."

"இந்தா இருக்கேன்."

"யாரு தரப்பு சாட்சின்னு எழுதணும். முன்ன போன ரெண்டு பேரும் சார் தரப்பு. உங்களையும் அப்படியே போட்டுரவா?"

சார் கேக்குத் தட்டோட திரும்பிப் பாக்காரு, முகத்துல இன்னும் சிரிப்பு இருக்கு.

"கிறிஸ்டில்டா தரப்புன்னு போடுங்க."

இசக்கி எழுதல. பேனாவ நோட்டு மேல வச்சுக்கிட்டு என்னையும் பாத்தாரு, சாரையும் பாத்தாரு. "கிறிஸ்டில்டா. எழுதுங்க"ன்னேன். எழுதிட்டாரு. எந்திரிச்சேன், நாற்காலி தரையில கிறீச்சுன்னுச்சு. இசக்கி என் தட்டப் பாத்துட்டுக் குரலத் தாழ்த்துனாரு, அவருக்குக் கூடத் தாழ்த்தத் தெரிஞ்சிருக்கு.

"அண்ணாச்சி, பாதிதான் சாப்பிட்டிருக்கீங்க. முடிச்சிட்டு வாங்களேன், அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆகிராது."

"ஆகிரும் இசக்கி. என்னைய எனக்குத் தெரியும். வாங்க, போவோம்."